பம்ப் இல்லாம வெந்நீர் மாடி ஏறுறது எப்படி?

2024 நவம்பர்ல ஒரு ராத்திரி அயர்லாந்துல இருந்து என் தங்கச்சி வீடியோ கால் பண்ணா. "அண்ணா, அடுப்புக்குள்ள யாரோ சுத்தியல் வச்சு தட்டுற மாதிரி சத்தம் வருது, நீயே கேளு"ன்னு போனை அடுப்பு பக்கத்துல கொண்டு போய் வச்சா. டொம்... டொம் டொம்... நடுநடுவுல கொதி வந்த கெட்டில் மாதிரி ஒரு உறுமல். அவ அங்க நர்ஸ், அந்த வருஷம்தான் டவுனுக்கு வெளிய ஒரு பழைய வீடு வாங்கி குடி போயிருந்தாங்க, சமையல்கட்டுல இருந்த பெரிய வார்ப்பிரும்பு அடுப்பு வீட்டோட சேர்ந்து வந்தது. நான் இங்க மேடவாக்கத்துல சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டுறவன், 14 வருஷமா மொட்டை மாடியிலதான் பொழப்பு. அந்த மாதிரி அடுப்புல நான் கை வச்சதே இல்ல. ஆனா சத்தத்தைக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு, உள்ள இருக்குற தண்ணி நகரல, நின்ன இடத்துலயே கொதிக்குது.

முதல்ல அவகிட்ட சொன்னது இதுதான்: புதுசா விறகு போடாத, அடியில காத்து போற கதவை மூடு, தீ மேல தண்ணி மட்டும் ஊத்திடாத, மாடியில வெந்நீர் குழாயைத் திறந்து விட்டுடு, தீ தானா அடங்கட்டும், சரி பண்ற வரைக்கும் மறுபடி பத்த வைக்காத. அரை மணி நேரத்துல சத்தம் நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் மாப்பிள்ளையும் நானும் போட்டோ அனுப்பி, படம் வரைஞ்சு, அளவெடுத்துப் பேசினதுல, நான் இங்க தினமும் மாடியில பாக்குற விஷயமும் அங்க அந்த அடுப்புல நடக்குறதும் ஒண்ணுதான்னு தெளிவா புரிஞ்சுது. அதை புதுசா கத்துக்குறவங்களுக்காக எழுதுறேன். உங்க வீட்ல சோலார் ஹீட்டர் இருந்தாலும், ஊட்டி கொடைக்கானல் பக்கம் விறகு அடுப்புல வெந்நீர் எடுக்கலாமான்னு யோசிச்சாலும், வெளிநாட்டுல சொந்தக்காரங்க வீட்ல இந்த அடுப்பு இருந்தாலும் இது உதவும்.

முதல்ல அந்த அடுப்பு என்னன்னு சொல்லிடறேன். குளிர் நாட்டுல விறகு, நிலக்கரி, அயர்லாந்துல கூடவே டர்ஃப்னு சதுப்பு நிலத்துல வெட்டி காயவச்ச கட்டி, இதெல்லாம் போட்டு எரிக்கிற ரேஞ்ச் குக்கர். மேல சமைக்கலாம், பக்கத்துல ரொட்டி கேக் சுடுற ஓவன் இருக்கும், ரூமும் சூடாகும். இந்த மாதிரி அடுப்புல உலகத்துக்கே தெரிஞ்ச பேரு ஆகா. ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் தலேன் 1922ல உருவாக்குனது. 1912ல இயற்பியல் நோபல் வாங்குனவர், அதே வருஷம் ஒரு வெடி விபத்துல கண் பார்வை போயிடுச்சு, அதுக்கப்புறம் செஞ்ச அடுப்பு அது. இந்த வகை அடுப்புகள்ல பல மாடல்ல தீ எரியற பெட்டிக்குப் பின்னாடி ஒரு தண்ணிப் பெட்டி வச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு பேக் பாய்லர். அந்தப் பெட்டியில இருந்து ரெண்டு பைப் மாடிக்குப் போகும், மாடியில ஒரு அலமாரிக்குள்ள செம்பு சிலிண்டர் நிக்கும், அயர்லாந்துல அந்த அலமாரியை ஹாட் பிரஸ்னு சொல்றாங்க, துணியெல்லாம் அதுலதான் காயவச்சு மடிச்சு வைப்பாங்களாம். கீழ சமைக்கிற தீயிலயே மாடியில குளிக்க வெந்நீர் ரெடியாகும். நடுவுல பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது.

இங்கதான் புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு குழப்பம் வரும். கிராவிட்டின்னு சொன்னா நம்ம சென்னையில யாருக்கும் உடனே ஓவர்ஹெட் டேங்க் ஞாபகம் வரும், மேல டேங்க், கீழ குழாய், திறந்தா தண்ணி கொட்டும். அது ஒரு கிராவிட்டி. அந்த வீட்லயும் அது இருக்கு, பரண்ல ஒரு தண்ணி டேங்க், அங்க இருந்து சிலிண்டரோட அடிப்பக்கம் பச்சத்தண்ணி இறங்கும், அது தள்ளுறதால மேல இருக்குற வெந்நீர் குழாய்க்குப் போகும். ஆனா அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவுல தண்ணி சுத்திச் சுத்தி வருதே, அது வேற கிராவிட்டி. அங்க தண்ணி கீழ இருந்து மேல ஏறுது. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிட்டா மத்தது எதுவுமே புரியாது.

சரி, கீழ இருக்குற தண்ணி எப்படி மேல ஏறும்? "சூடான தண்ணி லேசாகி மேல போகும்"னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், தப்பில்ல, ஆனா அதை வச்சு ஒரு பைப் கூட ஒழுங்கா போட முடியாது. நான் வேலைக்கு வர்ற பசங்களுக்கு வேற மாதிரி சொல்லுவேன். கொத்தனார் மட்டம் பாக்குற டியூப் பாத்திருப்பீங்க, நீளமான டிரான்ஸ்பரன்ட் டியூப்ல தண்ணி நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூண்லயும் இன்னொரு முனையை அந்தத் தூண்லயும் பிடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். பத்தடி தள்ளிப் பிடிச்சாலும் நிக்கும், வீட்டைச் சுத்திக் கொண்டு போனாலும் நிக்கும். ஏன்னா ரெண்டு பக்கத்துத் தண்ணியும் ஒரே வெயிட்டு, தராசு மாதிரி. இப்ப அந்த டியூப்ல ஒரு பக்கத்துத் தண்ணியை மட்டும் சூடாக்குங்க. சூடான தண்ணி விரியும், அதே உயரத்துக்கு வெயிட் கம்மியாயிடும், அப்ப பச்சத்தண்ணிப் பக்கம் ஜெயிக்கும், சூட்டுப் பக்கத்து மட்டம் கொஞ்சம் மேல ஏறி நிக்கும். அந்த ரெண்டு முனையையும் மேல ஒரு பைப் போட்டு சேத்துட்டா ஏறி நிக்கிற தண்ணி அந்தப் பக்கம் வழிஞ்சு இறங்கும், இறங்குனதுக்குப் பதிலா கீழ இருந்து இன்னும் கொஞ்சம் ஏறும், தீ எரியற வரைக்கும் இது நிக்காது. உண்மையில சூடு தண்ணி தானா ஏறல, கனமான பச்சத்தண்ணி கீழ இறங்கி அதைத் தள்ளி விடுது. இதுக்குப் பேருதான் தெர்மோசைஃபன். நம்ம சோலார் ஹீட்டர்ல டியூப்ல சூடான தண்ணி மேல இருக்குற டேங்குக்கு ஏறுறதும் இதேதான்.

எவ்வளவு தள்ளும்? இதை ஒரு தடவை கணக்கு போட்டுப் பாத்தா அப்புறம் பைப் வேலையில வர்ற எல்லா ரூல்ஸும் தானா புரிஞ்சிடும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. 60 டிகிரியில 1000 லிட்டர் தண்ணியோட எடை சுமார் 983 கிலோ. 80 டிகிரியில சுமார் 972 கிலோ. வித்தியாசம் 11 கிலோ சொச்சம். மேல போற பைப்புல 80 டிகிரி, கீழ வர்ற பைப்புல 60 டிகிரி, அடுப்பு பாய்லருக்கும் மாடி சிலிண்டருக்கும் உயர வித்தியாசம் இரண்டரை மீட்டர்னு வச்சுக்குவோம். ரெண்டு பக்கத்துக்கும் மட்ட வித்தியாசம் எவ்வளவு வரும்னா ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். நம்ம ரெண்டு மாடி வீட்ல ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து கீழ வர்ற தண்ணிக்கு ஆறு ஏழு மீட்டர் பிரஷர் இருக்கும், அது கூட பத்தலன்னு பிரஷர் பம்ப் மாட்டுறோம். இங்க மொத்த வீட்டுக்கும் வெந்நீரை மாடி ஏத்துறது ஒரு இஞ்ச் தண்ணியோட தள்ளு.

அந்த ஒரு இஞ்சை வீணாக்காம பாத்துக்குறதுதான் இந்த பிளம்பிங் மொத்தமும்.

முதல்ல பைப் அளவு. இந்த அடுப்புகள்ல தண்ணிக்குன்னு வர்ற சூடு 3 கிலோவாட்டுன்னு வச்சுக்கிட்டா, 20 டிகிரி வித்தியாசத்துல அந்த சூட்டைச் சுமந்துட்டுப் போக நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல தண்ணி ஓடணும். பெரிய ஓட்டம் ஒண்ணும் இல்ல, சின்ன பைப்பே போதும்னு தோணும். அங்கதான் தப்பு நடக்குது. அதே ரெண்டு லிட்டரை 28 மி.மீ செம்பு பைப்புல விட்டா மீட்டருக்கு ஆகுற உராய்வை விட 15 மி.மீ பைப்புல 20 மடங்குக்கு மேல உராய்வு ஆகும். பத்து மீட்டர் 15 மி.மீ பைப்பை ஓட்ட அந்த ஒரு இஞ்ச் தள்ளு போல ரெண்டு மடங்குக்கு மேல வேணும், நம்ம கையில இருக்குறதோ ஒரு இஞ்ச். அதனால பழைய ஆளுங்க கண்ணை மூடிட்டு ஒரு இஞ்ச் பைப் போட்டாங்க, இப்ப அங்க 28 மி.மீ செம்பு போடறாங்க, போறதுக்கும் ஒண்ணு, வர்றதுக்கும் ஒண்ணு. எல்போ போட்டு சட்டுனு திருப்பக் கூடாது, நீளமா வளையுற பென்ட் போடணும். தூரமும் கம்மியா இருக்கணும், அடுப்புக்கு நேர் மேல சிலிண்டர் வந்தா ரொம்ப நல்லது. நம்ம ஊர்ல வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி போட்டுப் பழகிட்டோம், கெய்சருக்கு ஓகே, ஆனா இந்த பைப்புல தண்ணி கொதிக்கவே சான்ஸ் இருக்கு, அதனால பிளாஸ்டிக் பேச்சே எடுக்கக் கூடாது, செம்பு போடுங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. தீ கூடுனா போற தண்ணிக்கும் வர்ற தண்ணிக்கும் சூட்டு வித்தியாசம் கூடும், வித்தியாசம் கூடுனா தள்ளு கூடும், தள்ளு கூடுனா ஓட்டம் கூடும். தீ அடங்குனா ஓட்டமும் தானா அடங்கும். சென்சார் கிடையாது, போர்டு கிடையாது, ஆனா தேவைக்குத் தக்க தானே ஓடுது. இவ்வளவு அழகா வேலை செய்யற ஒண்ணை நாம பைப்பைத் தப்பா போட்டுக் கெடுத்துடக் கூடாது.

அடுத்தது வாட்டம். பாத்ரூம் தரை போடுறப்ப கொத்தனார் கிட்ட "வாட்டம் பாத்துப் போடுங்க"ன்னு சொல்லுவோம்ல, அதே வாட்டம்தான் இங்கயும், ஆனா தலைகீழா. பாய்லரோட உச்சியில இருந்து கிளம்புற சூட்டு பைப் சிலிண்டர் வரைக்கும் ஏறிட்டே இருக்கணும், படுக்கையா போக வேண்டி வந்தாலும் அங்கயும் லேசா ஏத்தம் இருக்கணும். சிலிண்டர்ல இருந்து திரும்பி வர்றது பாய்லரோட அடியில சேர்ற வரைக்கும் இறங்கிட்டே இருக்கணும். காரணம் காத்து. தண்ணி சூடாகுறப்ப அதுல கரைஞ்சிருக்குற காத்து குமிழி குமிழியா வெளிய வரும், பாத்திரத்துல தண்ணி காயவைக்கிறப்ப ஓரத்துல ஒட்டிட்டு நிக்குமே, அது. ஏத்தமா இருந்தா குமிழி மேல மேல போய் வெளிய போயிடும். நடுவுல ஒரு இடத்துல பைப் ஏறி இறங்கி மேடு மாதிரி இருந்துச்சுன்னா காத்து அந்த மேட்டுல உக்காந்துக்கும். பம்ப் இருந்தா அடிச்சுத் தள்ளிடும். ஒரு இஞ்ச் தள்ளுக்கு அந்தக் காத்து ஒரு பூட்டு மாதிரி. நம்ம பாஷையில "ஏர் பிடிச்சிருச்சு".

இப்ப மாடியில இருக்குற சிலிண்டர். என் பாட்டி வீடு திருவல்லிக்கேணியில, கிணத்தடி பக்கத்துல ஒரு செம்பு பாய்லர் இருக்கும், உங்கள்ல பல பேரு வீட்லயும் இருந்திருக்கும், இப்ப பரண்லயோ பழைய பாத்திரக் கடையிலயோ இருக்கும். நடுவுல ஒரு குழாய், அதுக்குள்ள கொட்டாங்குச்சியும் அடுப்புக்கரியும் போட்டுப் பத்த வைப்பாங்க, புகை மேல போகும், குழாயைச் சுத்தி தண்ணி. தலையில ஒரு புனல், பக்கத்துல மூக்கு. ஒரு சொம்பு பச்சத்தண்ணியைப் புனல்ல ஊத்துனா மூக்கு வழியா ஒரு சொம்பு வெந்நீர் கொட்டும். சின்ன வயசுல அது எப்படின்னு ஆச்சரியமா இருக்கும், இப்பத்தானே பச்சத்தண்ணி ஊத்துனோம், எப்படி சுடச்சுட வருது? புனலோட குழாய் உள்ளுக்குள்ள அடி வரைக்கும் போகும். ஊத்துற பச்சத்தண்ணி அடியில போய்ப் படுத்துக்கும், மேல மிதக்குற சூட்டுத்தண்ணியைத் தூக்கி விடும், ரெண்டும் அவ்வளவு சீக்கிரம் கலக்காது. அயர்லாந்து வீட்டு சிலிண்டரும் அச்சு அசல் இதுதான், பச்சத்தண்ணி அடியில நுழையும், வெந்நீர் உச்சியில இருந்து கிளம்பும். பாட்டிக்கு சொம்பு, அங்க பரண்ல டேங்க். அதனால சிலிண்டரைப் படுக்க வைக்காம நிக்க வைக்கிறாங்க.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாட்டி பாய்லர்ல தீ தொட்ட தண்ணியிலயேதான் குளிப்போம். அங்க அடுப்புல சுத்துற தண்ணி தனி, குளிக்கிற தண்ணி தனி. சிலிண்டருக்குள்ள செம்புக் குழாய் சுருளா இருக்கும், காயில், அடுப்புத் தண்ணி அதுக்குள்ள வந்து சூட்டைக் கொடுத்துட்டுத் திரும்பிப் போயிடும். ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்டா, மேடவாக்கம் பக்கம் போர் தண்ணியில ஓடுற சோலார் டியூபைக் கழட்டிப் பாருங்க, உள்ள வெள்ளை வெள்ளையா உப்பு கட்டி நிக்கும், சில டியூப்ல கையால அள்ளலாம். புதுத் தண்ணி வர வர புது உப்பு, புது ஆக்சிஜன். அடுப்பு பாய்லருக்குள்ள அது நடந்தா உப்பும் துருவும் சேந்து பாதையை அடைச்சிடும். அதே தண்ணியே திரும்பத் திரும்ப சுத்துனா அதுல இருக்குற கொஞ்ச உப்பு ஒரு தடவை படிஞ்சதோட சரி. துரு பிடிக்காம இருக்க அதுல ஒரு கெமிக்கலும் கலப்பாங்க, குளிக்கிற தண்ணியில அது சேரக் கூடாதுங்குறதுக்கும் இந்தப் பிரிவு வேணும்.

நேரக் கணக்கும் கேப்பீங்க. 120 லிட்டர் சிலிண்டர், தண்ணி 10 டிகிரியில வருது, 60க்குக் கொண்டு போகணும்னா கரண்ட் கணக்குல 7 யூனிட் ஆகும். 3 கிலோவாட் பாய்லர்ல ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல. நம்ம ஊர்ல டேங்க் தண்ணியே 28 டிகிரி, 25 லிட்டர் கெய்சர் 20 நிமிஷத்துல ரெடி, அதனால நமக்கு அங்க இருக்குற கஷ்டம் சட்டுனு தெரியாது. 60 டிகிரின்னு சொல்றதுக்குக் காரணம், வெதுவெதுன்னு நாள் கணக்குல நிக்கிற தண்ணியில லெஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா வளரும், 60ல வச்சா வளராது.

இனிமேல் சொல்லப் போறதுதான் ரொம்ப முக்கியம், இதை மட்டும் தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க.

கெய்சர்ல சுவிட்சை அணைச்சா சூடு நின்னுடும். கேஸ்ல நாப் திருப்புனா நின்னுடும். விறகை அப்படி நிறுத்த முடியாது, கங்கு கிடக்குற வரைக்கும் சூடு வந்துட்டேதான் இருக்கும், நமக்கு வெந்நீர் வேணுமா வேண்டாமான்னு அதுக்குத் தெரியாது. தண்ணி சூடானா விரியும், 10 டிகிரியில இருந்து 80க்குப் போறப்ப 100 லிட்டர் ஏறக்குறைய 103 லிட்டர் ஆகும், அந்த 3 லிட்டர் எங்கயாவது போகணும். ஆவியாயிட்டா கேக்கவே வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணி 1600 லிட்டருக்கு மேல ஆவியா மாறும். மூடின இரும்புப் பெட்டிக்குள்ள அது நடந்தா பெட்டி குண்டு மாதிரி வெடிக்கும். இது பயமுறுத்த சொல்றது இல்ல. பிரிட்டன்ல பழைய பேக் பாய்லரை உபயோகிக்க வேண்டாம்னு பைப்பை வெட்டி ரெண்டு முனையையும் அடைச்சு விட்டுட்டு, பின்னாடி வந்தவங்க விவரம் தெரியாம அதே அடுப்புல தீ மூட்டி, வெடிச்சு உயிர் போயிருக்கு, அதுக்கப்புறம் அந்த ஊர் அரசு பாதுகாப்புத் துறையே எச்சரிக்கை கொடுத்துச்சு.

அதனால என்ன பண்றாங்கன்னா, சூட்டு பைப்போட உச்சியில இருந்து ஒரு பைப்பை அப்படியே மேல பரண் வரைக்கும் கொண்டு போய், அங்க ஒரு சின்ன டேங்குக்கு மேல வளைச்சு வாய் திறந்த மாதிரி விட்டுடறாங்க. வென்ட் பைப். அந்தச் சின்ன டேங்க்ல இருந்து இன்னொரு பைப் கீழ இறங்கி திரும்பி வர்ற லைன்ல சேரும், குறையற தண்ணியை அது நிரப்பும், விரியற தண்ணி அதே வழியா மேல ஏறி டேங்குல தங்கும். அளவுக்கு மீறி கொதிச்சா ஆவியும் கொதிநீரும் வென்ட் வழியா டேங்குக்குள்ள கொட்டும், டேங்கும் அந்தச் சூட்டைத் தாங்குற மாதிரி இருக்கணும். சேஃப்டி வால்வு கூடுதலா போடறாங்க, போடட்டும், நல்லதுதான், ஆனா வால்வு ஒட்டிக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும், திறந்த பைப்புல ஒட்டிக்க ஒண்ணும் இல்ல. பாய்லர்ல இருந்து வென்ட் வாய் வரைக்கும் நடுவுல ஒரு கேட் வால்வு, ஒரு என்.ஆர்.வி (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு), எதுவும் வரக் கூடாது. "சர்வீஸ் பண்ண வசதியா இருக்கும்"னு ஒரு வால்வு போட்டு, என்னைக்கோ யாரோ மூடிட்டு மறந்தா அது போதும்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு வென்ட் பைப் மேல ஏன் இவ்வளவு கோபம்னு எனக்குப் புரியவே இல்ல. சோலார் டேங்க் மேலயும் அதே பைப் நிக்கும், ஓவர்ஹெட் டேங்க் மட்டத்தை விட உசரமா, வாய் திறந்து. வேளச்சேரியில ஒரு அபார்ட்மென்ட்ல கூப்பிட்டாங்க, மேல போய்ப் பாத்தா 300 லிட்டர் டேங்க் ஒரு பக்கம் உள்ள அமுங்கிக் கிடக்கு, பிழிஞ்ச பிளாஸ்டிக் பாட்டில் மாதிரி. யாரோ வென்ட்ல இருந்து தண்ணி சொட்டுது, மாடி பாசி பிடிக்குதுன்னு ஒரு எண்ட் கேப் போட்டு சொல்யூஷன் தடவி நல்லா டைட் பண்ணி மூடியிருக்காங்க. அன்னிக்கு ஓவர்ஹெட் டேங்க் காலி. மூணு மாடி கீழ ஒருத்தர் வெந்நீர் குழாயைத் திறந்திருக்காரு, டேங்க்ல இருந்து தண்ணி கீழ இறங்க இறங்க அந்த இடத்துக்கு உள்ள வர காத்துக்கும் வழி இல்ல, பச்சத்தண்ணியும் இல்ல, டேங்க் அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு. அந்த எண்ட் கேப்பை நான் எடுத்து வச்சிருக்கேன், புதுசா வேலைக்கு வர்ற பசங்க கையில முதல் நாளே கொடுத்து இந்தக் கதையைச் சொல்லுவேன். சோலார்ல அமுங்குனதோட போச்சு. அடுப்புல மூடியிருந்தா அது வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, சிலிண்டர் முழுக்க சூடாயிடுச்சு, யாரும் குளிக்கல, தீ இன்னும் எரியுது, அப்ப சூடு எங்க போகும்? அதுக்காக அதே பம்ப் இல்லாத லைன்ல ஒரு ரேடியேட்டரை, அதாவது உள்ள வெந்நீர் ஓடி ரூமைச் சூடாக்குற சாமானை, மாட்டி வைப்பாங்க, பெரும்பாலும் பாத்ரூம்ல டவல் காயுற கம்பி. மீதி சூட்டை அது வெளிய விடும். அதை மூடுற வால்வு யார் கைக்கும் எட்டக் கூடாதுன்னு கைப்பிடியையே கழட்டிடுவாங்க. வீட்ல மத்த ரூம்ல இருக்குற ரேடியேட்டர்களுக்குப் பம்ப் போட்டுக்கலாம், அதுல தப்பில்ல, பம்ப் ஓடலனாலும் இந்த லைன் தன் பாட்டுக்கு ஓடணும். பம்ப் லைன் சேர்க்குறவங்க ஒரு விஷயம் பாத்துக்கணும், திரும்பி வர்ற தண்ணி ரொம்பச் சில்லுன்னு வந்தா பாய்லர் சுவர்ல புகை குளிர்ந்து தார் மாதிரி ஒட்டும், அதனால பைப் நல்லா சூடான பிறகுதான் பம்ப் ஓடுற மாதிரி ஒரு தெர்மோஸ்டாட் கட்டி விடுவாங்க.

தங்கச்சி வீட்டு விஷயத்துக்கு வரேன். தீ அணைஞ்ச மறுநாள் மாப்பிள்ளையை ஒரு வேலை செய்யச் சொன்னேன், பரண் ஏறி சின்ன டேங்க்ல தண்ணி இருக்கா, வென்ட் வாய் திறந்திருக்கா, பனியில உறைஞ்சு அடைச்சிருக்கான்னு பாக்கச் சொன்னேன். அந்த ஊர்ல இது நிஜமான ஆபத்து, பரண்ல பைப் உறைஞ்சிருக்குறப்ப அடுப்பைப் பத்த வைக்கவே கூடாது. ரெண்டும் சரியாதான் இருந்துச்சு. டேங்க் நிறைஞ்சிருக்கு, வழி திறந்திருக்கு, ஆனா தண்ணி சுத்தல, அப்ப எங்கயோ ஏர் பிடிச்சிருக்கணும். முந்தைய நாள் சத்தம் வந்தப்ப பைப்பைத் தொட்டுப் பாத்தீங்களான்னு கேட்டேன், அடுப்பு பக்கத்துல கை வைக்க முடியல, மாடியில சிலிண்டர் கிட்ட சும்மா வெதுவெதுன்னு இருந்துச்சுன்னாரு. நடுவுல பைப் எங்க போகுதுன்னா மாடி நடையில பலகைத் தரைக்கு அடியில ஒரு மூணு மீட்டர் படுக்கையா போகுது.

அந்த ஊர் முறைப்படி திட எரிபொருள் அடுப்பு வேலை தெரிஞ்ச பிளம்பரைத்தான் கூப்பிடணும்னு கண்டிப்பா சொல்லிட்டேன், போன்ல கேட்டு நாமளே பண்ற வேலை இது இல்ல. வயசான மனுஷன் ஒருத்தர் வந்தாராம். பலகையை எடுத்து ரசமட்டத்தைப் பைப் மேல வச்சதும் காமிச்சிருச்சு. பழைய ஓனர் காலத்துல தரையைப் புதுசா போடுறப்ப ஒரு மரக்கட்டைக்கு மேல பைப்பைத் தூக்கி வச்சு, அதைத் தாண்டி கீழ இறக்கி கிளிப் அடிச்சிருக்காங்க. மேடு எவ்வளவுன்னு கேட்டேன். மாப்பிள்ளை ஸ்கேல் வச்சு போட்டோ அனுப்புனாரு, 4 சென்டிமீட்டர். வருஷக்கணக்கா அந்த வீடு காலியா கிடந்ததுல யாருக்கும் தெரியல. கட்டையில காடி வெட்டி பைப்பை இறக்கி, மூணு மீட்டருக்கும் வாட்டம் கொடுத்து, ரெண்டு எல்போவைத் தூக்கிட்டு பென்ட் வச்சுக் கொடுத்துட்டுப் போனாரு.

அன்னிக்கு சாயந்திரம் அவங்க சின்னதா தீ மூட்டினப்ப நானும் வீடியோ கால்ல இருந்தேன். மாப்பிள்ளை மாடியில சிலிண்டர் பக்கத்துல ரெண்டு பைப்லயும் ஒவ்வொரு கையை வச்சுட்டு நிக்கிறாரு. இந்த டெஸ்டை சோலார் வச்சிருக்குறவங்களும் பண்ணிப் பாக்கலாம், இதை விட நல்ல மீட்டர் கிடையாது. கொஞ்ச நேரத்துல மேல பைப் சுட ஆரம்பிச்சுது, கீழ பைப் ஐஸ் மாதிரி இருந்துச்சு, போகுது ஆனா இன்னும் சுத்தி வரலன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு, "மச்சான், கீழதும் வெதுவெதுங்குது"ன்னாரு. கீழ தங்கச்சி அடுப்புல காது வச்சுக் கேட்டுட்டு ஒரு சத்தமும் இல்லன்னா.

அடுத்த மாசம், 2025 ஜனவரி 24, ஏயோவின் புயல் அயர்லாந்தை அடிச்சுது. 7 லட்சத்து 68 ஆயிரம் வீடு கடைகளுக்குக் கரண்ட் போச்சு, வர்தா அடிச்ச 2016 டிசம்பர்ல நாம இங்க இருட்டுல உக்காந்திருந்த மாதிரி. தங்கச்சி வீட்லயும் போச்சு, நெட்வொர்க்கும் இல்ல, ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்ல. அப்புறம் போன் வந்துச்சு. ரூம் ரேடியேட்டர் எல்லாம் பம்ப் இல்லாம ஆறிப் போச்சாம், ஆனா அடுப்பு எரிஞ்சுது, மாடியில சிலிண்டர் கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு, பாத்ரூம் டவல் கம்பி சூடா இருந்ததால எல்லாரும் அந்தப் பக்கத்து ரூம்லயே படுத்துக்கிட்டாங்களாம். கிணத்து மோட்டார் ஓடாததால ரெண்டாம் நாள் பரண்ல பெரிய டேங்க் காலி, குளிக்கத் தண்ணி இல்ல. "தண்ணி இல்லாம அடுப்பைப் பத்த வைக்கலாமா அண்ணா, பயந்துட்டே இருந்தேன்"னா. அடுப்புத் தண்ணிக்குத் தனியா இருக்குற அந்தச் சின்ன டேங்க்ல தண்ணி இருந்துச்சான்னு கேட்டேன். டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் பத்த வச்சோம், முக்கால்வாசிக்கு இருந்துச்சுன்னா.